லாஸ் ஏஞ்சலஸ் தேர்தலை ஏன் நவம்பருக்குத் தள்ளுனாங்க

2015 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன் நடந்துச்சு. அதுல ஒரு தொகுதியில ஓட்டு போட வர்றவங்க பேரைக் குலுக்கிப்போட்டு ஒருத்தருக்கு 25,000 டாலர் பரிசுன்னு ஒரு தன்னார்வ அமைப்பு அறிவிச்சுது. 'வோட்டேரியா'ன்னு பேரு வச்சாங்க, ஓட்டும் லாட்டரியும் சேர்ந்தது. நம்ம ஊர்ல ஓட்டுக்குத் துட்டு கொடுத்தா இன்னாருக்குப் போடுன்னு சொல்லித்தான் கொடுப்பாங்க, இங்க என்னடான்னா யாருக்கு வேணா போட்டுக்கோ ராசா, வந்தாப் போதும்ங்கற நிலைமை. அதுக்கு முந்தின வருஷமே சிட்டியோட எதிக்ஸ் கமிஷன், ஓட்டு போடுறவங்களுக்கு இந்த மாதிரி பரிசு கொடுத்துப் பாக்கலாமான்னு யோசிங்கன்னு கவுன்சிலுக்குச் சொல்லியிருந்துச்சு. கமிஷனே சொல்ற அளவுக்கு, ஓட்டு போட வர்ற கூட்டம் மோசம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஜனாதிபதி, எம்பி மாதிரி மத்திய பதவி எதாவது அதே ஓட்டுச்சீட்டுல இருந்தா ஓட்டு போட வர்றதுக்குப் பரிசு கொடுக்குறது அமெரிக்க மத்திய சட்டப்படி குத்தம். உள்ளூர் எலெக்‌ஷன் தனியா வேற ஒரு தேதியில நடந்ததாலதான் இந்த குலுக்கல் சட்டப்படி செல்லுச்சு. ஆளே வராததுக்குக் காரணமும் அதே தனித் தேதிதான்.

நம்பர் பாத்தா புரியும். 2012 நவம்பர்ல ஒபாமா ரெண்டாவது தடவை ஜெயிச்ச எலெக்‌ஷன்ல லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி, சிட்டியும் அதுக்குள்ளதான்) பதிவு பண்ணுன வாக்காளர்கள்ல 70 சதவீதம் பக்கம் ஓட்டு போட்டாங்க. அது முடிஞ்சு ஆறே மாசத்துல, 2013 மே மாசம், சிட்டி மேயருக்கு இறுதிச் சுத்து. எரிக் கார்செட்டிக்கும் வெண்டி க்ரூயலுக்கும் நல்ல போட்டி, காசும் தண்ணியா ஓடுச்சு, ஆனா வந்தது 23 சதவீதம் பேர்தான். அதே ஜனங்க, அதே தெரு. ஆறு மாசத்துல எல்லாருக்கும் ஜனநாயகம் சலிச்சுப் போச்சா என்ன? நவம்பர்ல டிவி, பேப்பர், பக்கத்து வீட்டுக்காரர்னு எல்லாரும் எலெக்‌ஷன் எலெக்‌ஷன்னு கத்துறாங்க, மார்ச்லயும் மே மாசத்துலயும் அப்படி ஒண்ணு நடக்குறதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு சின்ன விளக்கம் இங்க தேவை. அமெரிக்காவுல ஆட்சி கவிழ்றது, சட்டசபையைக் கலைக்கிறதுங்கற பேச்சே கிடையாது, தேதி எல்லாம் முன்னாடியே சட்டத்துல எழுதி வச்சது. இரட்டைப்படை வருஷம் நவம்பர்ல, முதல் திங்கக்கிழமைக்கு அடுத்த நாள் செவ்வாய், அன்னைக்குத்தான் மத்திய எலெக்‌ஷன், பெரும்பாலான மாநிலங்கள்ல கவர்னர் (நம்ம முதலமைச்சர் மாதிரி) எலெக்‌ஷனும் அன்னைக்குத்தான். ஆனா சிட்டி, ஸ்கூல் போர்டு, தண்ணி வாரியம் (ஆமா அதுக்கும் எலெக்‌ஷன் உண்டு) இதெல்லாம் ஊருக்கு ஊர் வேற வேற தேதி, நிறைய இடத்துல ஒற்றைப்படை வருஷம், சில ஊர்ல மார்ச், சில ஊர்ல ஏப்ரல், சில ஊர்ல ஜூன்னு சிதறிக் கிடக்கு.

சிதறுனது தானா நடந்ததில்ல, யோசிச்சு செஞ்சது. 1800களோட கடைசியில நியூயார்க்ல டாமனி ஹால் மாதிரி கட்சி மெஷின்கள், அதாவது ஓட்டு திரட்டுறதையே தொழிலா வச்சிருந்த உள்ளூர்க் கட்சிக் கோஷ்டிகள், கோலோச்சுன காலம். ஐரோப்பாவுல இருந்து கப்பல் கப்பலா வந்து இறங்குன ஏழைங்களுக்கு வேலை, நிலக்கரி, கல்யாணச் செலவு, சாவுச் செலவுன்னு பாத்துக்கிட்டு ஓட்டை மொத்தமா அள்ளுவாங்க. ஊழலும் அப்படித்தான் கொழிச்சுது, அதுல பொய் ஒண்ணும் இல்ல. இதை உடைக்கணும்னு கிளம்புன படிச்ச, வசதியான சீர்திருத்தக்காரங்க கண்டுபிடிச்ச வழிகள்ல ஒண்ணு, சிட்டி எலெக்‌ஷனை மாநில, தேசிய எலெக்‌ஷன்ல இருந்து பிரிச்சு வேற வருஷத்துக்குக் கொண்டுபோறது. 1894ல நியூயார்க் மாநில அரசியலமைப்புலயே எழுதிட்டாங்க, சிட்டி எலெக்‌ஷன் ஒற்றைப்படை வருஷத்துலதான்னு. குப்பை அள்ளுறதுக்கும் டெல்லி... மன்னிக்கணும், வாஷிங்டன் அரசியலுக்கும் என்ன சம்பந்தம், உள்ளூர் விஷயத்தை உள்ளூர் விஷயமா பாத்து ஓட்டு போடட்டும்னு வெளிய சொன்ன காரணம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கூட்டம் குறைஞ்சா யாரு குறைவாங்க, யாரு மிச்சம் இருப்பாங்கன்னும் அவங்களுக்குத் தெரியாம இல்ல. இந்த வரலாற்றைத் தோண்டுன பெர்க்லி ஆராய்ச்சியாளர் சாரா அன்சியா இதைத்தான் விரிவா காட்டுறாங்க: தேதியை மாத்துறதுல யாருக்கு லாபம்ங்கற கணக்கு அப்பவே ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அந்தக் கட்சி மெஷின் செத்து நூறு வருஷம் ஆகப்போகுது, தேதி மட்டும் சாகல. ஏன்னா புதுசா வேற ஆளுங்களுக்கு அது வசதியாப் போச்சு. கூட்டம் கம்மியா வர்ற எலெக்‌ஷன்ல யார் எப்படியும் வருவாங்க? சொந்த வீடு இருக்குறவங்க, வயசானவங்க, அப்புறம் அந்த ஓட்டுல சம்பளமே அடங்கியிருக்குறவங்க. அன்சியா சொல்ற முக்கியமான விஷயம் இது: எலெக்‌ஷனைத் தனியா நடத்துற இடங்கள்ல ஆசிரியர் சங்கம் மாதிரி ஒழுங்கா ஆள் திரட்டத் தெரிஞ்ச அமைப்புகளோட கை ஓங்குது, அந்த ஊர் வாத்தியார்களுக்கு சம்பளமும் கொஞ்சம் கூடுதலாவே அமையுது. நான் சங்கத்துக்கு எதிரி இல்லீங்க, சங்கம் தன் வேலையைச் செய்யுது. 70 பேர் வர்ற இடத்துல நூறுல அஞ்சு பேரைக் கையில வச்சிருக்குறது ஒண்ணுமில்ல, 10 பேர் வர்ற இடத்துல அந்த அஞ்சுதான் பாதி.

இதோட கோரமான உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துலயே இருக்கு. பெல்னு ஒரு குட்டி ஊர், ஜனத்தொகை 36,000 சொச்சம், பெரும்பாலும் லத்தீன் மக்கள், ஏழைங்க. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் ஒரு வரம்பு வச்சிருக்கு, ஆனா சொந்த சாசனம் எழுதிக்கிட்ட 'சார்ட்டர் சிட்டி'க்கு அது பொருந்தாது. 2005ல பெல் ஊர்ல தனியா ஒரு ஸ்பெஷல் எலெக்‌ஷன் வச்சு, நாமளும் சார்ட்டர் சிட்டி ஆகலாமான்னு கேட்டாங்க. மொத்தம் விழுந்த ஓட்டு 400கூட இல்ல! அந்த 400க்கும் குறைவான ஓட்டை வச்சு கதவைத் திறந்துட்டு, கவுன்சிலருங்க பார்ட் டைம் வேலைக்கு வருஷம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கிட்டாங்க, சிட்டி மேனேஜர் (ஊர் நிர்வாகத்துக்கு நியமிச்ச தலைமை அதிகாரி) ராபர்ட் ரிஸ்ஸோ வருஷச் சம்பளம் 8 லட்சம் டாலரைத் தொட்டுச்சு, அது அமெரிக்க ஜனாதிபதி சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு. 2010ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பேப்பர் இதை வெளிய கொண்டுவந்துச்சு, பேப்பருக்கு புலிட்சர் பரிசு, ரிஸ்ஸோவுக்கு 12 வருஷம் சிறை.

இன்னொண்ணு மிசௌரி மாநிலத்துல ஃபெர்குசன். 2014 ஆகஸ்ட்ல மைக்கேல் பிரவுன்ங்கற கறுப்பின இளைஞனை போலீஸ் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம்தான் உலகம் அந்த ஊரைத் திரும்பிப் பாத்துச்சு. மூணுல ரெண்டு பங்கு கறுப்பின மக்கள் வாழ்ற ஊர்ல மேயர் வெள்ளைக்காரர், ஆறு கவுன்சிலர்ல ஒரே ஒருத்தர்தான் கறுப்பினத்தவர். எப்படின்னு பாத்தா அங்க சிட்டி எலெக்‌ஷன் ஏப்ரல் மாசம், 2013ல வந்தது 12 சதவீதம். ஜனாதிபதி எலெக்‌ஷனுக்குக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கிட்டத்தட்ட சம அளவுல ஓட்டு போடுற அதே ஊர்ல, ஏப்ரல்ல மட்டும் வெள்ளையர் பல மடங்கு அதிகமா வர்றாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போட்டுக் காட்டுனாங்க. நாடே கொதிச்ச பிறகு 2015 ஏப்ரல்ல 30 சதவீதம் பக்கம் வந்தாங்க, கறுப்பினக் கவுன்சிலர் எண்ணிக்கை மூணாச்சு.

சான் டியேகோவுல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஸோல்டான் ஹெய்னல்னு ஒரு பேராசிரியர், இருபது வருஷத்துக்கு மேல இதையே சொல்லிக்கிட்டு இருக்கார். போஸ்டர், விழிப்புணர்வு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஊர்வலம்னு என்ன பண்ணுனாலும் தேதியை மாத்துறது மாதிரி எதுவும் வேலை செய்யாதுங்கறதுதான் அவர் சொல்றதோட சாரம். அதோட தலை எண்ணிக்கை மட்டும் ஏறல, வர்றவங்க கலவையும் ஊர் ஜனங்களோட கலவைக்குக் கிட்ட வருதுன்னு சக ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து காட்டியிருக்கார். எனக்கு இதுல முக்கியமாப் படுறது ரெண்டாவது விஷயம்தான். சதவீதம் ஏறுறது பேப்பர்ல போட நல்லாருக்கும், யாரு வர்றாங்கங்கறது மாறுனாத்தான் கவுன்சில்ல எது பேசப்படும்ங்கறது மாறும். வாடகை வீட்டுக்காரன் ஓட்டு போட வரலைன்னா வாடகையைப் பத்திப் பேச எந்தக் கவுன்சிலருக்கு என்ன அவசரம்?

சரி, லாஸ் ஏஞ்சலஸ் என்ன பண்ணுச்சு. 2015 மார்ச் 3ம் தேதி சாசனத் திருத்தம் 1, 2ன்னு ரெண்டை ஓட்டுக்கு விட்டாங்க: சிட்டி, ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன் ரெண்டையும் 2020ல இருந்து இரட்டைப்படை வருஷத்துக்கு மாத்தி மாநில எலெக்‌ஷனோட ஒட்டிடறதுன்னு. நாலுல மூணு பங்குக்கு மேல ஆதரவு. அந்த ஓட்டெடுப்புக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேளுங்க, 10 சதவீதம் பக்கம்! ஆளே வராத எலெக்‌ஷன்லதான், இனிமே ஆள் வர்ற மாதிரி நடத்தலாம்னு முடிவெடுத்தாங்க.

மாத்துறதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. இடைவெளியைச் சரிக்கட்ட 2015லயும் 2017லயும் ஜெயிச்சவங்களுக்கு நாலு வருஷத்துக்குப் பதிலா அஞ்சரை வருஷம் பதவி. 2017ல கார்செட்டி 81 சதவீதம் வாங்கி அமோகமா ஜெயிச்சார்னு செய்தி வந்துச்சு, வந்து ஓட்டு போட்டதே 20 சதவீதம் பேர்தான், அதை வச்சு அவருக்கு அஞ்சரை வருஷம். கவுன்சிலருங்க இந்தத் திருத்தத்தை சந்தோஷமா ஓட்டுக்கு விட்டதுக்கு இந்த ஒன்றரை வருஷ போனஸும் ஒரு காரணமோன்னு கிண்டல் பண்ணுனவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல் யாரும் பேசாத சிக்கல், ஓட்டுச்சீட்டோட நீளம். அதுவரைக்கும் சிட்டி எலெக்‌ஷனை சிட்டி கிளார்க் ஆபீஸ் நடத்திக்கிட்டு இருந்துச்சு, மாநில எலெக்‌ஷனை கவுண்டி நடத்தும். ஒண்ணா சேத்தா ஜனாதிபதியில ஆரம்பிச்சு செனட்டர், எம்பி, மாநில சட்டசபை, நீதிபதிங்க, ஜனங்க நேரா ஓட்டு போட வேண்டிய மாநிலத் தீர்மானம் ஒரு டஜன், அப்புறம் மேயர், கவுன்சிலர், ஸ்கூல் போர்டு, உள்ளூர்த் தீர்மானம்னு அனுமார் வால் மாதிரி நீளும், கவுண்டியோட பழைய மெஷின் சீட்டுல இடமோ கம்மி. அதனால புது மெஷின் வர்ற வரைக்கும் பொறுக்க வேண்டியதாச்சு. 2020 மார்ச்ல வந்துச்சு, வந்த முதல் தேர்தல்லயே மெஷின் படுத்துக்கிச்சு, பல சென்டர்ல மணிக்கணக்கா க்யூ நின்னுச்சு, அது தனிக் கதை.

பலன்? 2020 நவம்பர்ல நாலாவது கவுன்சில் தொகுதியில நித்யா ராமன் ஜெயிச்சாங்க. கேரளாவுல பிறந்தவங்க, சென்னையில டிரான்ஸ்பரன்ட் சென்னைன்னு ஒண்ணு ஆரம்பிச்சு குடிசைப் பகுதி, பொதுக் கழிப்பறைன்னு மேப் போட்டு வேலை பாத்தவங்க, அதனால நம்ம பக்கத்துல சிலருக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். பதவியில இருந்த டேவிட் ரியூவைத் தோற்கடிச்சாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல பதவியில இருக்குற கவுன்சிலர் தோக்குறது அதுக்கு முன்னாடி 17 வருஷமா நடக்காத விஷயம். அந்தத் தொகுதியில அன்னைக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, 2015ல ரியூ ஜெயிச்சப்போ அதுல கால் பங்குகூட இல்ல. அவங்க பேசுனது முக்கியமா வாடகையும் வீடில்லாதவங்க பிரச்சினையும். பழைய மாதிரி மே மாசத்துல நடந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களான்னா, எனக்கு நம்பிக்கை இல்ல.

அப்புறம் 2022 நவம்பர், மேயர் எலெக்‌ஷன். கேரன் பாஸ் எதிர்ல ஷாப்பிங் மால் கோடீஸ்வரர் ரிக் கருஸோ, அவர் 10 கோடி டாலருக்கு மேல கொட்டுனார். பாஸ் வாங்குனது 5 லட்சத்து 9 ஆயிரம் ஓட்டு, அந்த ஊர் வரலாற்றுல எந்த மேயர் வேட்பாளரும் வாங்காத எண்ணிக்கை. 2013ல கார்செட்டி ஜெயிச்சதும் கிட்டத்தட்ட அதே 54 சதவீதம்தான், ஆனா ஓட்டா எண்ணுனா 2 லட்சத்து 22 ஆயிரம். 2022ல தோத்த கருஸோவே 4 லட்சத்து 20 ஆயிரம் வாங்குனார், அதாவது ஜெயிச்ச பழைய மேயரை விட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி.

எல்லாப் புகழும் தேதிக்கேன்னு சொல்லிட முடியாது. இடையில கொரோனா வந்து, கலிஃபோர்னியா எல்லா வாக்காளர் வீட்டுக்கும் தபால்ல சீட்டு அனுப்ப ஆரம்பிச்சு, 2021ல அதை நிரந்தரச் சட்டமாவே ஆக்கிருச்சு. அதோட கருஸோ காசு ஊர் பூரா விளம்பரமா தெரிஞ்சுது. இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கணும், 1969ல இதே ஊர்ல, இதே தனித் தேதியில, கறுப்பினத்தவரான டாம் பிராட்லிக்கும் அப்போதைய மேயர் சாம் யோர்ட்டிக்கும் நடந்த மேயர் சண்டையில 76 சதவீதம் பேர் வந்தாங்க. கறுப்பினத்தவர் ஒருத்தர் மேயர் ஆகலாமா கூடாதாங்கற நெருப்பு அன்னைக்கு இருந்துச்சு. நெருப்பு இருந்தா எந்தத் தேதியிலயும் கூட்டம் வரும், எல்லா வருஷமும் நெருப்பு இருக்காதே.

லாஸ் ஏஞ்சலஸ் தானா மாத்துனது ஒரு பக்கம், 2015லயே கலிஃபோர்னியா மாநிலமும் எஸ்பி 415னு ஒரு சட்டம் போட்டுச்சு. ஒரு ஊரோட தனி எலெக்‌ஷன்ல விழுற ஓட்டு, அதே ஊர்ல கடைசி நாலு மாநிலப் பொதுத்தேர்தல் சராசரியை விட 25 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா, இனிமே தனியா நடத்தக் கூடாது. உதாரணத்துக்கு சராசரி 60ன்னா, உள்ளூர்ல 45ஓ அதுக்குக் கீழயோ வந்தா மாட்டுனீங்க. உள்ளூர்ல 45 சதவீதம் எங்க வருது, அதனால வரிசையா எல்லா ஊரும் நவம்பருக்கு மாற ஆரம்பிச்சுது. மாறலைன்னா வாக்காளரே கோர்ட்டுக்குப் போகலாம். ரெடோண்டோ பீச்ங்கற கடற்கரை ஊர் மட்டும், நாங்க சார்ட்டர் சிட்டி, எங்க எலெக்‌ஷன் எப்போன்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு கேஸ் போட்டு 2020ல ஜெயிச்சிருச்சு. பெல் ஊர்ல கொள்ளையடிக்க உதவுன அதே சாசன உரிமை இங்க இப்படி.

அரிசோனாவுலயும் இதே சண்டை, ஆனா கட்சி தலைகீழ். அங்க ஊருங்களைக் கட்டாயப்படுத்துனது குடியரசுக் கட்சி கையில இருந்த சட்டசபை, எதிர்த்து நின்னது ஜனநாயகக் கட்சிக்காரங்க ஜாஸ்தி இருக்குற டூசான் நகரம், 2021ல மாநில உச்ச நீதிமன்றம் டூசான் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. நியூயார்க் மாநிலத்துல ஜனநாயகக் கட்சி கவர்னர் கேத்தி ஹோக்கல் 2023 டிசம்பர்ல கவுண்டி, டவுன் எலெக்‌ஷன்களை இரட்டைப்படை வருஷத்துக்கு மாத்துற சட்டத்துல கையெழுத்து போட்டாங்க, கோர்ட்டுக்கு ஓடுனது குடியரசுக் கட்சிக்காரங்க. யாருக்குக் கூட்டம் லாபமோ அவங்க அந்த ஊர்ல ஜனநாயகக் காவலர், லாபம் இல்லாதவங்க உள்ளூர் உரிமைக் காவலர். கொள்கையெல்லாம் மாநில எல்லை தாண்டுனா சட்டை மாத்திக்குது.

எதிர்ப்புல நியாயமே இல்லைன்னு சொல்ல வரல. நீளமான சீட்டுல மேல இருக்குறதுக்கு மட்டும் போட்டுட்டு கீழ விட்டுட்டுப் போறவங்க உண்டு, கவுன்சிலருக்கு நிக்கிறவர் ஜனாதிபதி வேட்பாளர் விளம்பரத்துக்கு நடுவுல டிவியில நேரம் வாங்கணும்னா சொத்தை விக்கணும், வீட்டுக்கு வீடு நடந்து போய்ப் பேசுற ஆளுக்கு 20 ஆயிரம் வாக்காளர்னா சமாளிக்கலாம் ஒரு லட்சம்னா கால் வலிக்கும். கீழ விட்டுட்டுப் போறவங்களைக் கழிச்சாலும் மொத்த எண்ணிக்கை பழசை விட ரொம்ப மேலதான் நிக்குது, அதனால அந்த வாதம் எனக்கு எடுபடல. காசு வாதம் எடுபடுது.

உண்மையான குறை வேற இடத்துல இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல முதல் சுத்துலயே பாதிக்கு மேல வாங்கிட்டா கதை முடிஞ்சுது, நவம்பர் வரைக்கும் போகவே வேணாம். 2022 ஜூன் முதல் சுத்துக்கு வந்தது 30 சதவீதம் பக்கம், பல தொகுதியில கவுன்சிலர் போட்டி அங்கயே முடிஞ்சுருச்சு. நவம்பர்ல கூட்டம் வர்றப்போ அந்தத் தொகுதிகள்ல கவுன்சிலர் போட்டியே ஓட்டுச்சீட்டுல இல்ல. சான் டியேகோ இதைப் புரிஞ்சுக்கிட்டு 2016ல மெஷர் கேன்னு ஒரு ஓட்டெடுப்புத் தீர்மானம் கொண்டுவந்துச்சு, முதல் சுத்துல நீ எவ்வளவு வாங்குனாலும் சரி, முதல் ரெண்டு பேர் நவம்பர்ல மோதியே ஆகணும். சான் ஹோசே இன்னும் ஒரு படி போய், கவர்னர் எலெக்‌ஷன் வருஷத்துல இருந்த மேயர் எலெக்‌ஷனை 2022ல ஓட்டெடுப்பு வச்சு ஜனாதிபதி எலெக்‌ஷன் வருஷத்துக்கு மாத்துச்சு, அதனால 2022ல ஜெயிச்ச மேட் மஹானுக்கு முதல் பதவிக்காலம் ரெண்டே வருஷம்தான். இங்க போனஸ் இல்ல, பிடித்தம்.

இதைப் படிக்கிறப்போ 'ஒரே நாடு ஒரே தேர்தல்' ஞாபகம் வராம இருக்காது, ஆனா ரெண்டும் வேற வேற. இந்தியாவுல அதுக்காகப் போட்ட கோவிந்த் கமிட்டி பேசுனது முக்கியமா செலவு, அடிக்கடி நடத்தை விதி வந்து வேலை நிக்கிறது பத்தி, அதுலகூட உள்ளாட்சியை அதே நாள்ல வைக்கல, நூறு நாளைக்குள்ளன்னுதான் சொன்னாங்க. ஆட்சி கவிழ்ந்தா மிச்சக் காலத்துக்கு என்னங்கற பெரிய தலைவலி அமெரிக்காவுல கிடையாது. ஆனா 2022 பிப்ரவரியில சென்னை மாநகராட்சிக்கு 44 சதவீதம் பக்கம்தான் வந்தாங்க, மாநில சராசரி 60ஐத் தாண்டுச்சுங்கறப்போ, பெரு நகரத்துக்காரன் வார்டு கவுன்சிலரைக் கண்டுக்காதது லாஸ் ஏஞ்சலஸ் வியாதி மட்டும் இல்லைன்னு தெரியுது.

கடைசியா நியூயார்க் சிட்டி. 1894ல ஒற்றைப்படை வருஷம்னு எழுதி வச்சது இன்னும் மாநில அரசியலமைப்புல இருக்கு, அதனால ஹோக்கல் சட்டம் சிட்டியைத் தொட முடியல. 2021ல மேயர் எலெக்‌ஷனுக்கு வந்தது 23 சதவீதம்தான். இதை ஜனாதிபதி எலெக்‌ஷன் வருஷத்துக்கு மாத்தலாமான்னு 2025 நவம்பர்ல ஆறாம் எண் தீர்மானமா ஜனங்க கிட்டயே கேட்டாங்க. அன்னைக்குத்தான் மேயர் பதவிக்கு ஸோரான் மம்தானி, ஆண்ட்ரூ குவோமோ சண்டை, 20 லட்சத்துக்கு மேல ஓட்டு, 1969க்கு அப்புறம் அவ்வளவு கூட்டம் அதுதான் முதல் தடவை. க்யூவுல நின்னு, ஒற்றைப்படை வருஷத்துல கூட்டம் வராதுன்னு சொல்ற அந்தத் தீர்மானத்தைப் படிச்சுப் பாத்துட்டு, வேணாம்னு தோக்கடிச்சுட்டாங்க. அடுத்த மேயர் எலெக்‌ஷன் 2029ல.